பத்து விரல்களும் ஒரு பம்பும்

அத்தியாயம் 6

"யார் எடுத்தான்னு எனக்குத் தெரியும் மேடம். அதுக்கு நீங்க வேண்டாம். பம்ப் எங்கே இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் படகு முதலாளி.

"பம்ப் எங்கேன்னு மட்டும்?" என்றார் அண்ணி.

"அது மட்டும்தான்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"என் வாயிலேர்ந்து வந்தா வந்ததுதான்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்டுக்கொண்டாயா என்று அர்த்தம். கேட்காமல் இருக்க வழியே இல்லை. அந்தப் படகின் இன்ஜின் அறையில் மூன்று பேர் நின்றால் ஒருவர் வாய் இன்னொருவர் காதுக்குள்தான் இருக்கும்.

அண்ணி என் மூத்த அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில், விபத்தான வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடும் வேலையில் இருந்தவர். மேலதிகாரி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன அன்றே அந்த வேலை போயிற்று. அன்றிலிருந்து துப்பறிகிறார். நான் உதவியாளன். கார் ஓட்டுவது, பை தூக்குவது, கார் சாவியைத் தொலைத்துவிட்டுத் திட்டு வாங்குவது எல்லாம் என் இலாகா.

முதலாளிக்குப் போன் வந்தது. சிக்னல் தேடி மேல்தளத்துக்கு ஏறிப் போனார். அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் அண்ணி டார்ச்சை எடுத்தார்.

விஷயம் இதுதான். அக்கரையில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை எல்லாமே இக்கரையில். பாலம் எங்கேயோ இருக்கிறது. சுற்றி வந்தால் அரை நாள். நடுவில் ஓடுவது இந்த ஒரே படகு. அதை முதலாளி சத்தமில்லாமல் விலை பேசிவிட்டார். அக்கரைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். நாளை திங்கட்கிழமை காலையில் விசாரணை. முதலாளி அதற்கெல்லாம் காத்திருக்கிற ஆள் இல்லை. இன்று மாலையே வாங்குகிறவர் வந்து படகை ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. படகு போன பிறகு நீதிபதி உத்தரவு போட்டால், அதை ஆற்றுத் தண்ணீரிடம்தான் நீட்ட வேண்டும்.

நேற்றிரவு, இன்ஜினிலிருந்த டீசல் பம்ப் காணாமல் போனது. இன்று காலை, படகின் மெக்கானிக் லாக்கப்புக்குப் போனார். கோர்ட் மனுவில் கையெழுத்துப் போட்டதற்காக வெள்ளிக்கிழமை வேலையை விட்டு நீக்கப்பட்டவர் அவர். பம்ப் கிடைக்காவிட்டால் திருட்டுக் கேஸ். கிடைத்துவிட்டால் படகு போய்விடும். இரண்டில் எது நடந்தாலும் முதலாளிக்கு ஏதோ ஒரு வகையில் லாபம். எனக்கு அந்த ஆளைப் பார்த்ததிலிருந்தே பிடிக்கவில்லை.

"அந்தப் பம்ப் இல்லாம இன்ஜின் ஓடவே ஓடாதா அண்ணி?"

"பந்தியில ஆறு பேர் உட்கார்ந்திருக்காங்கன்னு வை. யாருக்கு எப்போ, எவ்வளவு பரிமாறணும்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தன்தான். அவன் எழுந்து போயிட்டா?"

"நானே எடுத்துப் போட்டுக்குவேன்."

"நீ போட்டுக்குவே. இன்ஜின் போட்டுக்காது. ஆறு சிலிண்டர். ஒவ்வொண்ணுக்கும் முறை வர்றப்ப, அந்த நொடியில அளவா டீசலைப் பீய்ச்சணும். டீசல் இன்ஜின்ல பொறி தட்டற பிளக்கே கிடையாது. பம்ப் பீய்ச்சினாத்தான் வெடிப்பு. கொஞ்சம் முன்னே பின்னே ஆச்சுன்னா கரும்புகையும் இருமலும்தான்."

டார்ச் வெளிச்சம் இன்ஜினின் பக்கவாட்டில் நின்றது. பம்ப் இருந்த இடம் காலியாக இருந்தது. அதைச் சுற்றி ஆறு இரும்புக் குழாய்களும், எண்ணெய் வந்து போகும் நாலு தடித்த குழாய்களும் வாயை நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வாயிலும் வெள்ளையாக ஒரு ரப்பர் உறை. நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

தொட்டுப் பார்த்தேன். "கிளவுஸ் விரல் அண்ணி! ஆஸ்பத்திரி கிளவுஸை வெட்டி மாட்டியிருக்காங்க."

"எத்தனை?"

"பத்து."

"ரெண்டு கை. ஒரு விரல்கூட வீணாகலை." அண்ணியின் குரலில் ரசிப்பு தெரிந்தது. "தம்பி, வீட்டுக்குள்ள திருடன் வந்து பீரோவை உடைச்சு நகையை எடுத்தான்னு வை. போகும்போது வீட்டைப் பெருக்கித் துடைச்சுட்டுப் போவானா?"

"அப்படி ஒருத்தன் இருந்தா நம்ம வீட்டு அட்ரஸைக் கொடுங்க."

"இந்தக் குழாய்க்குள்ள ஒரு தூசி போனாப் போதும், பம்போட உள்பாகமெல்லாம் கீறிப் போயிடும். அது திருடனுக்கு எதுக்கு? எடுத்தவங்களுக்கு இந்த இன்ஜின் மேல அக்கறை இருக்கு. திரும்ப மாட்டணும்னு நினைச்சுத்தான் கழட்டியிருக்காங்க."

இன்ஜின் சுவரில், பம்ப் பொருந்தும் விளிம்பருகே, பிளாஸ்திரித் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. காயத்துக்குப் போடுகிற அதே பிளாஸ்திரி. விளிம்பு வரை வந்து, பிளேடால் கீறியதுபோல் நேராக அறுந்திருந்தது. மற்ற பாதி பம்போடு போயிருக்க வேண்டும். அண்ணி அதைக் குனிந்து பார்த்தார். இரும்பு ஏணியில் செருப்புச் சத்தம் கேட்டதும் டார்ச்சை அணைத்துவிட்டார்.

மேல்தளத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. பயணிகள் பெஞ்சின் ஓரத்தில் 'தடுப்பூசி – திறக்காதீர்' என்று எழுதிய பெரிய வெள்ளை ஐஸ் பெட்டி இருந்தது. கொஞ்சம் குளிர்ச்சியாவது ஏறட்டும் என்று அதன் மேல் உட்கார்ந்தேன். அடுப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"என்ன ஐஸ் பெட்டி இது, எனக்கு வேர்க்குது" என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "எழுந்திரு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணும்" என்றார்.

---

மெக்கானிக்கை ஊரில் எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜினைத் திறக்காமல், ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாராம். லாக்கப் கம்பிக்குப் பின்னால் சம்மணம் போட்டு, மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர்போல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"விசித்திரமான ஆள்மா" என்றார் ஏட்டு. மூக்குக் கண்ணாடியைத் தேடித் தேடிக் களைத்துப் போயிருந்தார். "காலையில கொண்டு வந்தப்ப, 'எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு ஒத்தக் கால்ல நின்னான். குழாய் வாயில எல்லாம் கிளவுஸ் விரல் மாட்டியிருக்குன்னு பேச்சு வாக்குல சொன்னேன். உடனே, 'நான்தான் எடுத்தேன், எழுதிக்குங்க'ன்னுட்டான்."

அண்ணி கம்பியருகே போனார். "எப்படிக் கழட்டினீங்க?"

"எப்படிக் கழட்டுவாங்க? முதல் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டு வந்தேன். குழாயெல்லாம் பிரிச்சேன். முன்பக்க மூடியைத் திறந்து நட்டை எடுத்தேன். புல்லரைப் போட்டுப் பல்சக்கரத்தை இழுத்தேன். பம்ப் கையோட வந்துடுச்சு."

"அடையாளம் போட்டீங்களா? பம்ப் எந்தச் சாய்வுல இருந்துச்சோ அதே சாய்வுல திரும்ப மாட்டணுமே."

காது நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை இருந்த நிம்மதி முகத்திலிருந்து போய்விட்டது.

"கோடா? நானா? கோடு போட்டு எழுதறது ஒண்ணாங்கிளாஸ் பசங்க மேடம். நான் பம்பை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, அங்கே இங்கே அசைச்சு, இந்தக் காதாலேயே டைமிங்கைச் சரி பண்ணுவேன். என் சர்வீஸ்ல ஒரு பம்புலகூடக் கோடு போட்டதில்லை. வேணும்னா ஊர்ல விசாரிச்சுப் பாருங்க!"

"விசாரிக்கறேன். பம்ப் எங்கே?"

"ஆத்துல எறிஞ்சுட்டேன்."

"எறியப் போறவர் எதுக்குக் குழாய் வாயையெல்லாம் மூடினீங்க?"

காது சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அண்ணி கிளம்பிவிட்டார்.

வெளியே வந்ததும் சொன்னார். "பொய் சொல்ல வந்த மனுஷன், அந்தப் பொய்யிலகூடத் தன் பெருமையை விட்டுக் கொடுக்க மாட்டேங்கறார். இன்ஜின்ல அடையாளம் இருந்துச்சு தம்பி. பம்புக்கும் இன்ஜினுக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்திரி ஒட்டி, நடுவுல பிளேடால கீறியிருக்காங்க. திரும்ப மாட்டறப்ப ரெண்டு பாதியும் நேர்க்கோட்டுல வந்தா டைமிங் சரி. நல்ல யோசனை. ஆனா இவருக்கு அது தெரியாது."

"அப்ப யாருக்காகப் பழியை ஏத்துக்கறார்?"

"கிளவுஸ், பிளாஸ்திரி, முடிச்சு. இன்னுமா கேக்கறே? இவர் சம்சாரத்துக்கு என்ன வேலை?"

"ஆஸ்பத்திரியில நர்..." பாதியிலேயே எனக்குப் பொறி தட்டிவிட்டது.

காரில் ஏறியதும் அண்ணி மூக்கைச் சுளித்தார். "உன் பேண்ட்ல என்ன நாத்தம்?"

"டீசல் மாதிரி இருக்கே! இன்ஜின்ல நான் சாயவே இல்லையே அண்ணி."

"எனக்குத் தெரியும்" என்றார் அண்ணி. ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடச் சொன்னார்.

---

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊசி போடும் அறையில் கூட்டம் இல்லை. நர்ஸ் மேஜை முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"முதலாளி அனுப்பினாரா?"

"அனுப்பினார். ஆனா நான் யார் அனுப்பினாலும் என் காலாலதான் நடப்பேன்" என்றார் அண்ணி. "புல்லர் போட்டுப் பல்சக்கரம் இழுக்கறதை எங்கே கத்துக்கிட்டீங்க சிஸ்டர்?"

ஒரு நிமிடம் மறுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தலையை நிமிர்த்திக்கொண்டார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து அவருக்கு டார்ச் பிடிச்சது யாரு? அவர் காதால கத்துக்கிட்டார். நான் கண்ணால கத்துக்கிட்டேன். வேலையை விட்டு அனுப்பினாங்க, டூல்ஸ் பெட்டி வீட்டுக்கு வந்துச்சு. ஸ்பேனர் யார் கையில இருந்தாலும் திரும்பும் மேடம்."

"அவருக்குச் சொல்லலையா?"

"சொன்னா அவர்தான் போய்க் கழட்டுவார். அவர் பேருல திருட்டு வரக்கூடாதுன்னுதான் நானே போனேன். அதனாலதான் பம்பைப் படகை விட்டு வெளியே கொண்டு வரலை. ஆனா அவங்க நேரா வந்து அவர் சட்டையைத்தான் பிடிச்சாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பினார். 

"போன மழைக்காலத்துல அக்கரையிலேர்ந்து ஒரு பிரசவ கேஸ். குழந்தை குறுக்கே கிடந்துச்சு. இந்தப் படகுல வந்ததாலதான் தாயும் பிழைச்சா, பிள்ளையும் பிழைச்சுது. பாலத்தைச் சுத்தி வந்திருந்தா ரெண்டு பேரும் இல்லை. அந்தப் படகை முதலாளி, சுற்றுலாக் கம்பெனிக்காரன் ஜாலியா ஓட்டறதுக்கு வித்துட்டாராம். நாளைக்குக் காலை வரைக்கும் அது இங்கே நிக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னா போய்ச் சொல்லுங்க. எனக்குப் பயம் கிடையாது."

"பயம் இல்லைன்னா கையை ஏன் பின்னாடி கட்டியிருக்கீங்க?"

நர்ஸ் கையை முன்னால் கொண்டுவந்தார். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. "இடத்தைச் சொன்னா அவர் வெளியே வருவார், படகு போயிடும். சொல்லலைன்னா படகு நிக்கும், அவர் ஜெயிலுக்குப் போவார். காலையிலேர்ந்து இதையே நினைச்சுக்கிட்டிருக்கேன். நான்தான் எடுத்தேன்னு போய்ச் சொல்லிடவான்னுகூட..."

"சொன்னா நீங்களும் உள்ளே போவீங்க, படகும் போயிடும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தறேன்னு கிளம்பினா முதலாளிதான் பிழைப்பார்." அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"என் கொழுந்தன் பேண்ட்டை மோந்து பார்த்தேன்."

"அண்ணி!" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். பல்சக்கரத்தை இழுத்தப்ப ஏதாவது உடைஞ்சுதா?"

நர்ஸ் அலமாரியைத் திறந்து, மாத்திரை டப்பா ஒன்றிலிருந்து, மருந்துத் துணியில் சுற்றிய சின்னப் பொட்டலத்தை எடுத்தார். "தண்டுலேர்ந்து கழண்டு கையில விழுந்துச்சு. எதையோ உடைச்சுட்டேன்னு ராத்திரி பூரா தூங்கலை. தொலைஞ்சுடுமேன்னு தனியா எடுத்து வச்சேன்."

அண்ணி பிரித்துப் பார்த்தார். அன்றைக்கு முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"நீங்க எதையும் உடைக்கலை. இதைவிட நல்லதா எதையும் செஞ்சிருக்கவும் முடியாது." பொட்டலத்தை மறுபடி சுற்றி என் சட்டைப்பையில் போட்டார்.

"என்ன அண்ணி இது?"

"மருந்து."

"யாருக்கு?"

"முதலாளிக்கு."

---

மாலையில் படகுத்துறையில் எல்லோரும் கூடிவிட்டோம். அண்ணி கேட்டுக்கொண்டபடி ஏட்டு, காதையும் கைவிலங்கோடு கூட்டி வந்திருந்தார். படகை வாங்க வந்தவர் கறுப்புக் கண்ணாடியோடும், கூடவே ஒரு மெக்கானிக்கோடும் நின்றார். அக்கரையில், ஆற்றோரம் முழுக்க ஜனங்கள். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

"பம்ப் எங்கே மேடம்?" முதலாளி கையைப் பிசைந்தார்.

"முதல்ல ஏட்டய்யாகிட்ட ஒரு சந்தேகம். பம்ப் இந்தப் படகை விட்டு வெளியே போகவே இல்லைன்னா, திருட்டுக் கேஸ் நிக்குமா?"

ஏட்டு யோசித்தார். "படகுச் சாமான் படகுலயே இருந்தா எங்கேர்ந்து திருட்டு? ஆனா இவன் ஆத்துல எறிஞ்சேன்னு சொல்றானே?"

"காட்டினா விட்டுடுவீங்களா?"

"இப்பவே."

அண்ணி நேராக வெள்ளை ஐஸ் பெட்டியிடம் போனார். "நேத்து ராத்திரிலேர்ந்து படகு ஓடலை. படகு ஓடாத நாள்ல தடுப்பூசிப் பெட்டிக்குப் படகுல என்ன வேலை? வெயில்ல வச்சா மருந்து கெட்டுப் போகும், எந்த ஆஸ்பத்திரியும் விட்டுட்டுப் போகாது. என் கொழுந்தன் இது மேல உட்கார்ந்தான். குளிரலை. ஆனா எழுந்திரிச்சதிலேர்ந்து டீசல் வாசனை."

மூடியைத் திறந்தார். உள்ளே, தடித்த பாலிதீன் உறையில் டீசலில் ஊறிக்கொண்டு, துரு என்ற பேச்சுக்கே இடமில்லாமல், பம்ப் படுத்திருந்தது. அதன் விளிம்பில் பாதிப் பிளாஸ்திரி.

"திறக்காதீர்னு போட்டிருந்துச்சு, நானும் திறக்கலை" என்றார் ஏட்டு அசடு வழிய.

"அது நர்ஸ் பெட்டி!" முதலாளி கத்தினார். "அப்ப எடுத்தது அந்தப் பொம்பளைதான்! ஏட்டய்யா, அவளைப் பிடிங்க!"

"யார் எடுத்தான்னு உங்களுக்குத் தெரியும், அதுக்கு நான் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் அண்ணி.

ஏட்டு சாவிக்கொத்தை எடுத்துக் காதின் கைவிலங்கைத் திறந்தார். "சாமான் இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான் சார். அதுக்கெல்லாம் உள்ளே போடணும்னா, தினம் என் கண்ணாடியை இடம் மாத்தற என் வீட்டுக்காரியைத்தான் முதல்ல போடணும்."

நர்ஸ் துறையின் படிக்கட்டில் நின்றிருந்தார். கணவரின் கை வெளியே வந்ததைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த நொடியே அவர் பார்வை பம்பின் மேல் போனது. கணவர் கிடைத்துவிட்டார், படகு போகப் போகிறது. அதுதான் அந்த முகத்தில் இருந்தது.

"சீக்கிரம் மாட்டு" என்றார் முதலாளி, வந்திருந்த மெக்கானிக்கிடம்.

அவன் பம்பைத் தூக்கித் துடைத்தான். தண்டைத் திருப்பிப் பார்த்தான். விரலால் தடவினான். மறுபடி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"இதுல கீ இல்லையே சார்."

"என்ன கீ?"

"தண்டுல இந்தப் பள்ளம் இருக்கு பாருங்க. இதுல நகம் அளவுக்கு அரைவட்டமா ஒரு இரும்புத் துண்டு உட்காரும். அதுதான் பல்சக்கரத்தையும் தண்டையும் ஒரே இடத்துல பிடிச்சு வைக்கும். அது இல்லாம மாட்டினா டைமிங் எங்கே நிக்கும்னு சொல்ல முடியாது. நடு ஆத்துல நழுவிச்சுன்னா இன்ஜின் கதை முடிஞ்சுது."

"புதுசா ஒண்ணு போடு!"

"இது பழைய இன்ஜின். லேத் பட்டறையில கொடுத்துத்தான் செய்யணும். ஞாயித்துக்கிழமை எந்த லேத் சார் திறந்திருக்கு? நாளைக்கு மத்தியானம் ஆகும்."

வாங்க வந்தவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "இன்ஜின் ஓடற சத்தம் கேக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு முதல்லயே சொல்லிட்டேன். நாளைக்குப் பார்ப்போம்." காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அவர் மெக்கானிக்கும் பின்னாலேயே போனான்.

முதலாளி காதின் பக்கம் திரும்பினார். "டேய், நீ இந்த இன்ஜினோடயே கிடந்தவன். ஏதாவது பண்ணி ஓட வை."

காது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமையே என்னை வேலையை விட்டு அனுப்பிட்டீங்க. மத்தவங்க இன்ஜின்ல கை வைக்கறது தப்பு முதலாளி. இப்பத்தான் அதுக்காக உள்ளே இருந்துட்டு வர்றேன்."

பிறகு குனிந்து பம்பைப் பார்த்தார். பாதிப் பிளாஸ்திரியில் விரலை வைத்தார். 

"கோடு போட்டிருக்கே" என்றார், மனைவியை நிமிர்ந்து பார்க்காமல்.

"போட்டேன். ஒண்ணாங்கிளாஸ்தான்."

"நேரா இருக்கு" என்றார் காது. 

முதலாளிக்கு இந்தக் காட்சியெல்லாம் தாங்கவில்லை. அண்ணி முன்னால் வந்து நின்றார். "அந்த இரும்புத் துண்டு எங்கே? உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க!"

"நீங்க பம்ப் எங்கேன்னு கேட்டீங்க. சொல்லிட்டேன். அது மட்டும்தான்னு நீங்களே சொன்னீங்க. உங்க வாயிலேர்ந்து வந்தா வந்ததுதானே?"

"உங்களை யார் கூப்பிட்டாங்கன்னு மறந்து பேசறீங்க."

"மறக்கலை. கூப்பிட்டவங்க காட்டற இடத்துல எல்லாம் கையெழுத்துப் போடற வழக்கம் எனக்குக் கிடையாது. அதுக்கு ஒரு வேலையையே விட்டவ நான்."

முதலாளி என்னை முறைத்தார். என் சட்டைப்பை திடீரென்று ஒரு கிலோ கனத்தது. முகத்தை எப்போதும்போல் அசடாக வைத்துக்கொண்டேன். அதற்கு நான் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை.

அக்கரையில் யாருக்கோ புரிந்திருக்க வேண்டும். இன்ஜின் சத்தம் வரவில்லை, வாங்க வந்தவர் கார் கிளம்பிவிட்டது. ஒரு விசில் கேட்டது. அப்புறம் கரை முழுக்கக் கூச்சல். நர்ஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். 

காரில் ஏறி உட்கார்ந்ததும், சட்டைப்பையிலிருந்த இரும்புத் துண்டைத் தொட்டபடி கேட்டேன். "இதை என்ன பண்றது அண்ணி?"

"நாளைக்குக் காலையில கோர்ட்டுக்குப் போறோம். படகு இங்கேயே ஓடணும்னு தீர்ப்பு வந்தா, நேரா கொண்டு போய்க் காது கையில கொடுத்துடு. மத்தியானத்துக்குள்ள படகு ஓடணும்."

"தீர்ப்பு முதலாளி பக்கம் வந்துட்டா?"

அண்ணி என் சட்டைப்பையை ஒரு தடவை பார்த்தார். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"உனக்குத்தான் எந்தச் சாவியை எங்கே வச்சோம்னு ஞாபகமே இருக்காதே தம்பி. வண்டியை எடு."